வாக்கும் கையொப்பமும்
ஆண் பெண் சமத்துவம் பற்றிய ஓர் ஆராய்வு

ஆணும் பெண்ணும் நிகரென்பது இன்று எவரும் வாயால் மறுக்காத கொள்கை. மேடையிற் பேசுவோரும் ஏட்டில் எழுதுவோரும் அதனை ஒப்புக்கொண்டே தொடங்குகின்றனர். ஆயின், ஒப்புக்கொண்ட கொள்கை எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்துள்ளது என்பதை அறிய ஓர் அளவுகோல் வேண்டும். பாடசாலை செல்லும் பெண்பிள்ளைகளின் தொகையை அளவுகோலாகக் கொள்வர் சிலர். உத்தியோகம் பார்க்கும் பெண்களின் தொகையைக் கொள்வர் வேறு சிலர். இவை வேண்டுவனவே, எனினும் போதியன அல்ல. ஒரு காரியத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் உள்ளது என்பதே உண்மையான அளவுகோல் என்பது எமது கருத்து. ஆட்சியில் அவ்வதிகாரம் வாக்காகவும் வேட்பாளர் நியமனமாகவும், தொழிலிற் கூலியாகவும், குடும்பத்திற் காணி உறுதியில் இடும் கையொப்பமாகவும் தோன்றுகின்றது. இம்மூன்றையும் நமது நாட்டு வரலாறு கொண்டு ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

வாக்குரிமை வந்த வரலாறு

இலங்கையின் அரசியற் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க டொனமூர் ஆணைக்குழுவினர் 1927இல் இங்கு வந்தனர். அவ்வாண்டிலேயே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. அதன் முதன்மை உறுப்பினருள் ஒருவரான அக்னெஸ் டி சில்வா அம்மையார் ஏனைய பெண்களுடன் ஆணைக்குழு முன்னிலையிற் சாட்சியமளித்தார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என அவரிடம் வினவப்பட்டது. அவர்களும் பெண்களே, ஆகவே அவர்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். படித்த நகரத்துப் பெண் தனக்கு மட்டும் கேளாது, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குஞ் சேர்த்துக் கேட்டமை நினைவிற் கொள்ளத் தக்கது.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்களிக்கலாம் என ஆணைக்குழு கருதியது. ஈற்றில் இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்கு வழங்கப்பட்டு, 1931இல் முதற்றேர்தல் நடைபெற்றது. பிரித்தானியாவிற் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வயதில் வாக்குரிமை பெற்றது 1928இலேயாம். சுவிற்சர்லாந்துப் பெண்கள் தம் நாட்டுத் தேசியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1971 வரை பெற்றிலர். இவற்றை நோக்கின் நமது நாடு பெற்ற முன்னேற்றம் எத்துணை விரைவானது என்பது விளங்கும்.

இதனை எல்லோரும் வரவேற்றாரல்லர். சட்டநிரூபண சபையில் இதனை எதிர்த்தவருள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் முதன்மையானவர். அவரே 1913இல் மருதனார்மடத்தில் இந்துப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய வள்ளல். பெண்ணுக்குக் கல்வி வேண்டுமெனத் தம் செல்வத்தை ஈந்தவர், அக்கல்வியாற் பெற்ற அறிவைக்கொண்டு அவள் நாட்டுக் காரியத்தைத் தீர்மானிப்பதை விரும்பவில்லை. அப்பெரியாரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஈவது வேறு, அதிகாரத்தைப் பகிர்வது வேறு என்பதை இதனினுந் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. மகளைப் படிப்பிக்கும் தகப்பன் எல்லாம் அவளது சொல்லுக்கு வீட்டில் இடங்கொடுப்பவன் என்று கொள்ளலாகாது.

இனி, யாழ்ப்பாணத்தின் நிலை யாது? பூரண சுயராச்சியம் வேண்டி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் விடுத்த அழைப்பினால் 1931ஆம் ஆண்டுத் தேர்தல் இங்கு பகிஷ்கரிக்கப்பட்டது. குடாநாட்டையுந் தீவுகளையுஞ் சேர்ந்த நான்கு தொகுதிகள் வெறுமையாயின. 1934இலேயே அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. ஆகவே ஏனைய மாகாணங்களிற் பெண்கள் வாக்களித்து மூன்றாண்டு கழிந்த பின்னரே நமது தாய்மாரும் பாட்டிமாரும் அவ்வுரிமையைப் பயன்படுத்த முடிந்தது. பகிஷ்கரிப்பின் இலட்சியம் உயர்ந்ததே. எனினும் புதிதாக வாக்குப் பெற்ற பெண்கள் அதனைத் துறத்தல் வேண்டுமோ என்பதைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் ஆண்களேயாவர்.

தோட்டப் பெண்களின் கதை இன்னுந் துயரமானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவுகட்டியது. 2024 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலிலே பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்து மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றம் புகுந்தனர். அக்னெஸ் டி சில்வா அம்மையார் அன்று கூறிய விடை முழுப்பயன் அளிக்கத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றன.

தலைமை

வாக்களித்தல் ஒன்று, வாக்குப் பெற்று ஆளுதல் மற்றொன்று. அரசாங்க சபைக்குத் தெரிவான முதற் பெண் அடேலின் மொலமூரே அம்மையார். தந்தையார் இறந்தமையால் வெறுமையான ருவான்வெல்லைத் தொகுதிக்கு 1931இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் வென்றார். அடுத்து வந்தவர் தமிழ்ப் பெண்மணியாகிய நேசம் சரவணமுத்து அம்மையார். கணவர் இழந்த கொழும்பு வடக்குத் தொகுதியை 1932இல் அவர் பெற்றார். கணவர் கொலையுண்ட பின் அரசியலிற் புகுந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் 1960 யூலையிற் பிரதமரானார். உலகில் அப்பதவியேற்ற முதற் பெண் அவரே. அவர்தம் மகளார் சந்திரிகா அம்மையார் 1994இற் சனாதிபதியானார். இவர்கள் ஆற்றல் மிக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் தந்தையோ கணவனோ பெற்றோரோ வகுத்த வழியாலேயே அவர்கள் அரசியலுக்குள் நுழைந்தனர். அவ்வழி இல்லாத பெண்ணுக்குக் கதவு எளிதில் திறக்கவில்லை. பல்கலைக்கழக விரிவுரையாளராயிருந்த ஹரிணி அமரசூரிய அம்மையார் அத்தகைய குடும்பவழி எதுவுமின்றி 2024இற் பிரதமரானமை இவ்வகையிற் குறிப்பிடத் தக்க மாற்றமாகும்.

உலகுக்கு முதற் பெண் பிரதமரைத் தந்த நாட்டின் பாராளுமன்றத்தில் நெடுங்காலமாகப் பெண்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே இருந்தனர். 2024ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னருங்கூட 225 உறுப்பினருட் பெண்கள் பத்திலொரு பங்கை எட்டவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் அத்தேர்தலில் அனுப்பிய அறுவருள் ஒரு பெண்ணேனும் இலர். பெண்கள் பெண்களுக்கு வாக்களிப்பதில்லை எனச் சிலர் இதற்குக் காரணங் கூறுவர். உள்ளூராட்சிச் சபைகளின் அனுபவம் அக்கூற்றைப் பொய்யாக்குகின்றது. அச்சபைகளிற் பெண்கள் நூற்றுக்கு இருவர் அளவிலேயே இருந்துவந்தனர். நான்கிலொரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கிய சட்டம் 2016இல் நிறைவேறி, 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறைக்கு வந்ததும் அத்தொகை நூற்றுக்கு இருபதைத் தாண்டியது. பெண்களின் இயல்பு அந்த இரண்டாண்டில் மாறிவிடவில்லை. வேட்பாளர் பட்டியல் எழுதுவோருக்கு விதித்த விதியே மாறியது. தடை வாக்குப்பெட்டியிலன்று, நியமனப் பத்திரத்திலேயே இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

தொழில்

தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் தொழில் பெண்ணின் கையையே நம்பியுள்ளது. நமது நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த பயிர் அக்கைகளால் வளர்ந்தது. அவ்வாறிருந்தும், ஒரே தோட்டத்தில் ஒரே நாளுக்கு ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலியும் விதிக்கப்பட்டிருந்தன. 1984இலேயே இவ்வேற்றுமை நீங்கியது. கூலி சமமாகிய பின்னரும் காலம் சமமாகவில்லை. பெரட்டுக்களத்திற் காலையில் ஒன்றாகப் பெயர் கொடுக்கும் இருவருள், ஒதுக்கிய வேலையை முடித்த ஆண் நண்பகலை ஒட்டித் திரும்புவான். பெண்ணோ மாலைக் கொழுந்து நிறுக்கும் வரை மலையில் நிற்பாள். பின்னர் பிள்ளைமடுவத்திலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்து அடுப்பு மூட்டுவாள். அவள் உழைத்த சம்பளத்தைக் கணவனே சென்று வாங்கும் வழக்கமும் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. உழைப்பு அவளது, அதனைச் செலவிடும் தீர்மானம் பிறனது.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. வெங்காயத் தோட்டத்திற் களை பிடுங்கும் பெண்ணுக்கு ஆணினுங் குறைந்த நாட்கூலி கொடுக்கும் வழக்கத்தை நமது ஊர்களிலும் காண்கின்றோம். வேலை இலேசானது என்பர். நாள் முழுதுங் குனிந்து நிற்றல் இலேசானதோ என்பதை ஒருநாள் செய்து பார்த்தவரே கூறல் வேண்டும்.

படித்த வகுப்பாரிடத்தும் இவ்வுண்மையே வேறு வடிவிற் காணப்படும். பல்கலைக்கழகம் புகும் மாணவருள் அண்மைக் காலத்தில் நூற்றுக்கு அறுபதளவினர் பெண்கள். ஆயின் தொழில் செய்யும் வயதை அடைந்த பெண்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். ஆண்களுள் அப்பங்கு இதன் இருமடங்காகும். எஞ்சிய பெண்கள் வேலையின்றி இருப்பவரல்லர். சமைத்தல், பிள்ளை வளர்த்தல், முதியோரையும் நோயாளரையும் பேணுதல் ஆகிய வேலைகளை அவர்கள் செய்கின்றனர். கூலியில்லாமையால் அது வேலையெனக் கணக்கிடப்படுவதில்லை, அவ்வளவே.

குடும்பமும் காணியும்

வடமாகாணத் தமிழரின் வழக்காறாகிய தேசவழமை ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என அது சொத்தை வகுக்கும். சீதனம் பெண்ணின் சொத்து. பெண் காணிக்கு உடையவளாகலாம் என்பதை ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சட்டங்களுக்கு முன்னரே ஏற்றுக்கொண்ட வழமை இது என நாம் பெருமை கொள்வதுண்டு. அப்பெருமை நியாயமானதே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும்.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ, ஈடுவைக்கவோ, நன்கொடையாக எழுதவோ கணவனது எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என விதித்தது. கணவன் தன் சொந்தக் காணியை விற்பதற்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என அது விதிக்கவில்லை. ஏனைய பெண்களை இத்தகைய தடையினின்றும் விடுவித்த 1923ஆம் ஆண்டு விவாகமான பெண்கள் ஆதனக் கட்டளைச்சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட தமிழரைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கியது. இதன் விளைவு விந்தையானது. ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் இருவருள், தேசவழமைக்கு உட்படாதவரை மணந்தவள் தன் காணியைத் தானே கையொப்பமிட்டு விற்கலாம். நம்மூர் மாப்பிள்ளையை மணந்தவள் அவ்வாறு செய்தல் இயலாது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாக வேற்றுமை காட்டுதலை விலக்குகின்றது. ஆயின் அதன் 16ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் முன்பிருந்த சட்டங்கள் வலுவுடையன என்கின்றது. ஒரு கையால் ஈந்ததை மறுகையாற் காத்துவைத்தது போன்றதே இது.

அமைதியான காலத்தில் இவ்விதி பலருக்குப் பெருந்துன்பந் தந்திராது. கணவன் அருகிலிருப்பான், நொத்தாரிசு முன் இருவருஞ் சென்று கையொப்பமிடுவர். 2009இல் யுத்தம் முடிவுற்றபோது வடக்கிலுங் கிழக்கிலும் பல்லாயிரங் குடும்பங்கள் பெண்களின் பொறுப்பிலிருந்தன. கணவன் இறந்தவளுக்கு இத்தடையில்லை. அவன் இருக்கின்றானோ இல்லையோ என்பதை அறியாதவளுக்கே இத்தடை முழுப்பாரமாகின்றது. பிள்ளையின் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க வேண்டின், கணவன் இருக்குமிடந் தெரியாது என மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து கட்டளை பெறுதல் வேண்டும். அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு காட்டும் வழி அதுவே. தாய் தந்தை தனக்கென எழுதிய காணிக்கு, காணாமற்போன ஒருவரது கையொப்பத்துக்கு ஈடாக நீதிபதியின் கையொப்பத்தை அவள் தேடுகின்றாள்.

நமது கடமை

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? கல்வி வந்தது, வாக்கு வந்தது, காலந் தாழ்த்தியேனும் சமகூலியும் தோட்டத்துக்கு வந்தது. தீர்மானிக்கும் அதிகாரமே எங்குந் தயங்கித் தயங்கி வருகின்றது. அதனைத் தடுத்துநிற்பது பெண்ணின் ஆற்றற் குறைவன்று. ஆண்களால் எழுதப்பட்ட விதிகளும், ஆண்களே கூடியிருக்கும் சபைகளுமாகும்.

ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த கல்லூரியின் பழைய மாணவராகிய நமக்கு இதிற் சிறப்பான பொறுப்புண்டு. நம்மிடையே சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகளும் உளர். 6ஆம் பிரிவை நீக்குமாறு முதலிற் குரலெழுப்ப வேண்டியவர் அவர்களே. பெண்கள் கேட்கும் வரை காத்திருத்தல் அழகன்று. கட்சிகளிலும், ஆலய பரிபாலன சபைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும் பதவி வகிப்போர் உளர். பெயர்ப்பட்டியல் எழுதும் வேளையில் அதில் எத்தனை பெண்கள் உளர் என எண்ணிப் பார்த்தல் அவர்தங் கடன். தோட்டஞ் செய்வோர் உளர். ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் உளர், துணி தோய்த்தலும் உலை வைத்தலும் ஆண்பிள்ளைக்கு இழுக்கல்ல என்பதை மாணவர் விடுதியிலேயே பழக்கலாம்.

இன்று வகுப்பறையிலிருக்கும் மாணவருக்கு ஒன்று கூறி முடிப்போம். நீங்கள் நாளை கணவராவீர், தகப்பனாராவீர், சபைகளில் அமர்வீர். உங்கள் கையொப்பத்துக்காக மற்றொருவர் காத்துநிற்கும் நிலை பலமுறை நேரும். அவ்வேளையில் தாராளமாகக் கையொப்பமிடுபவன் நல்லவன். அவ்விடத்தில் தன் கையொப்பமே வேண்டப்படாதவாறு விதியை மாற்ற முயல்பவன் நீதிமான்.