கயிறு பிடிக்கிறவர்களின் வேலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெங்களூரில் அவ்வளவு பெரிய கம்பெனியில் சேர்ந்தும், யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய நிரலைப் பராமரிக்கிற குழுவில் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கூடப் படித்தவர்கள் புதுப்புது செயலி, ஏஐ என்று பேசுகிறார்கள். நீ பேட்ச் போடுகிறாய், நடுராத்திரி அலர்ட் வந்தால் எழுந்து உட்காருகிறாய். "இதற்கா படித்தேன்?" என்று கேட்டிருந்தாய். தூத்துக்குடியிலிருந்து போன மற்றப் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீ துறைமுகத்து ஊர்க்காரி என்பதால், கப்பல் கம்பெனிக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசநிரல் உக்ரைனில் கிளம்பி மெர்ஸ்க் நிறுவனத்தின் வலையமைப்புக்குள் புகுந்தது. உலகெங்கும் அவர்களுடைய 76 துறைமுக முனையங்களில் 17 முடங்கின. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் அதில் ஒன்று. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று சொல்லும் திரை இருண்டுவிட்டால், கிரேன் இருந்தும் பயனில்லை, லாரி வந்தும் பயனில்லை. ஹார்பர் கேட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற விவரத்தை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அவர்களிடம் நூற்றைம்பது அளவில் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை; அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் அந்த நேரத்தில் கரண்ட் போயிருந்ததால் தப்பியது. அதிலிருந்துதான் மீண்டும் எழுப்பினார்கள்: 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், பத்தே நாளில்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொரு விவரம். பாதுகாப்பைச் சீரமைக்கும் திட்டம் அங்கே முன்பே ஒப்புதல் பெற்று, பணமும் ஒதுக்கப்பட்டிருந்ததாம். மேலதிகாரிகளின் போனஸைத் தீர்மானிக்கும் அளவுகோல்களில் அது இடம்பெறாததால் வேலை நகரவில்லை என்று 2018-ல் வயர்டு இதழ் எழுதியது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மதிப்பெண் கிடைக்காத வேலையை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

உன் வேலை அந்த வகை வேலை.

முத்துக்குளிப்பைப் பற்றி நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பாய். நம் கரையில் அது 1961-ஓடு நின்றது. கல்லில் காலை ஊன்றிக் கயிற்றோடு இறங்குகிறவருக்கு மூச்சு ஒரு நிமிஷம் போல்தான். கீழே அவர் கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று நம் ஊரில் சொல்வதுண்டு. தன் அக்கா தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தவன் கவனம் சிதற மாட்டான். முத்து எடுத்தவர் பெயரைத்தான் ஊர் பேசும். நீ தோணியில் நிற்கிறாய்.

இதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தி உட்காரவைக்க நான் நினைக்கவில்லை. கயிறு பிடிப்பதிலும் தேர்ச்சி உண்டு, அதைக் கற்றுக்கொள் என்கிறேன். உன் நிரலின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் போ. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருப்பவர்களோடு ஒருநாள் உட்கார்ந்தால் பாதி புரிந்துவிடும். கோளாறு நடந்தபின் எழுதப்படும் அறிக்கைகள் பெரிய கம்பெனிகளில் குவிந்து கிடக்கும், அவற்றைக் கதைப்புத்தகம் போலப் படி. அந்தப் பாடத்தைப் பணம் கொடுத்து எங்கும் வாங்க முடியாது. அடுத்தவர் நிரலைச் சரிபார்க்கக் கொடுத்தால் பெயருக்குப் பார்த்து அனுப்பாதே, ஓட்டிப் பார். ராத்திரி எழுந்து நீ எதைச் சரிசெய்தாயோ, அதை உனக்குப்பின் வருகிறவள் தூக்கக் கலக்கத்திலும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிவை.

அப்ரைசலுக்கு வருகிறேன். நடக்காமல் தடுத்த விபத்து எந்தப் படிவத்திலும் தானாக ஏறாது. நீதான் எழுத வேண்டும்: இந்த அலர்ட் மாதத்துக்கு இத்தனை முறை வந்தது, நான் காரணத்தைக் கண்டு அகற்றினேன், இப்போது வருவதில்லை. இதைப் பீற்றல் என்று நினைக்கிற கூச்சம் நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு நிறைய. அதை விட்டுவிடு. இரண்டு வருஷம் எழுதியும் மதிக்காத குழு என்றால் வேறு குழுவுக்கு மாறு, நான் தடுக்க மாட்டேன்.

கம்பெனியைச் சொந்தமாக நினைத்துவிடாதே. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. 2025 ஜூலையில் டிசிஎஸ்ஸும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையைச் சொன்னது. அவர்களில் நல்ல வேலைக்காரர்கள் இருந்திருக்க மாட்டார்களா? ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துவை. கூட வேலை செய்கிறவர்களோடு மனம்விட்டுப் பேசு. 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க, நம் ஊர் கோரல் மில் தொழிலாளர்கள் ஒன்றாக வேலையை நிறுத்திச் சம்பள உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றார்கள். ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. கர்நாடகத்திலும் ஐடி ஊழியர் சங்கம் இயங்குகிறது, விசாரித்துப் பார்.

வருகிற திங்கட்கிழமை உன் குழுவில் ஒரு கேள்வி கேள்: நம் பேக்கப்பை வெற்றுச் சர்வரில் கடைசியாக யார், எப்போது ஏற்றிப் பார்த்தார்கள்? பதில் தெளிவாக வரவில்லை என்றால், அந்த வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொள். செய்துமுடித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்