மந்தையை மிரட்டிய தெய்வம்

கேள்வி: ஆங்கிலத்தில் 'பேனிக்' என்றால் பயம் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முழுக்கச் சரியில்லை. நாய் கிடக்கிறதே என்று தெருமுனையில் தயங்கினால் அது பயம். தியேட்டரில் யாரோ 'தீ' என்று கத்த, எங்கே என்றுகூடப் பார்க்காமல் மொத்தக் கூட்டமும் ஒரே வாசலுக்கு முண்டியடித்தால் அதுதான் பேனிக். புத்திக்கு முன்னால் கால் ஓடிவிடும்.

சொல்லின் பூர்வீகம் கிரேக்கம். ஆட்டுக்காலும் கொம்புமாக 'பான்' என்றொரு மேய்ச்சல் தெய்வம். ஆளரவமற்ற மலையில் மந்தை காரணமில்லாமல் மிரண்டு சிதறினால், பழி பான் மீது; அவன் பெயரிலிருந்தே 'பேனிக்'. கி.மு. 490-இல் மராத்தானில் பாரசீகரை வென்ற ஏதென்ஸ்காரர்கள், பானும் கைகொடுத்ததாக நம்பி, அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் அவனுக்குக் கோயில் எடுத்தார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். எதிரியை மிரளவைக்கும் தெய்வம் நம் பக்கம் இருந்தால் கசக்குமா!

இன்றும் இந்தச் சொல் கூட்டத்தோடு ஒட்டியே புழங்குகிறது. 1907-இல் அமெரிக்க வங்கிகளில் பணத்தை எடுக்க ஜனம் வரிசைகட்டிய நெருக்கடிக்கு இதே பெயர். 2020-இல் கொரோனா பயத்தில் மக்கள் கழிப்பறைக் காகிதத்தை வண்டி வண்டியாக அள்ளியது 'பேனிக் பையிங்'.

இதை ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக எழுதும்போது ஒரு கவனம்: இறந்தகாலத்தில் 'சி'க்கும் 'இ.டி.'க்கும் நடுவே ஒரு 'கே' சேரும். பரீட்சையில் பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.