கொறங்காடு: ஒரு புல்லும் அதன் பொறியியலும்

திருப்பூரிலிருந்து காங்கேயம், தாராபுரம் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னல் வழியே பார்த்தால் முள்வேலிக்குள் காய்ந்த புல்லும், அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்களும் தெரியும். 'சும்மா கிடக்கிற தரிசு' என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். அது தரிசு இல்லீங்க, கொறங்காடு. காங்கேயம் மாடுகளை வளர்த்த மேய்ச்சல் நிலம்.

மூன்று அடுக்கு

கீழே கொழுக்கட்டைப்புல். தாவரவியல் பெயர் சென்க்ரஸ் சிலியாரிஸ். மேலே வெள்வேல மரம். மாட்டுக்கு நிழல், ஆட்டுக்குக் காய். சுற்றிலும் கிளுவை வேலி. குச்சியை வெட்டி நட்டாலே துளிர்க்கும் உயிர்வேலி இது.

ஏன் இந்தப் புல்?

நெல் சி3 தாவரம், இது சி4. கார்பன் டை ஆக்சைடை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும். அதனால் இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை, தண்ணீர் மிச்சம். வேரும் ஆழமாக இறங்கும். கோடையில் மேலே காய்ந்தாலும் தூர் சாகாது. ஒரு நல்ல மழை போதும், திரும்பப் பச்சை கட்டிவிடும்.

சூட்சுமம் எங்கே?

மாடு கடித்த புல், தூரில் சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் மறுபடி துளிர்க்கும். புது இலை வந்த பிறகுதான் அந்தச் சேமிப்பு நிரம்பும். அதற்குள் மறுபடி மேய்த்தால்? சார்ஜ் ஏறாத போனை மறுபடி மறுபடி ஓட்டுகிற கதைதான். வேர் சுருங்கும், புல் சாகும், களை ஏறும். அதனால்தான் நிலத்தைத் துண்டு துண்டாக வேலி கட்டிப் பிரித்தார்கள். ஒன்றில் மேய்ச்சல், மற்றதில் படலைச் சாத்தி ஓய்வு. விதை உதிரவும் அந்த ஓய்வு வேண்டும்.

இதே புல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வில்லன். கட்டுப்பாடில்லாமல் அடர்ந்து, காய்ந்து, தீயைப் பரப்புகிறது. தீக்குப் பழகாத சாகுவாரோ கள்ளிகள் அதில் கருகுகின்றன. ஆக, புல் மட்டும் நல்லதோ கெட்டதோ இல்லை. வேலி, மாடு, ஓய்வு எல்லாம் சேர்ந்ததுதான் சிஸ்டம்.

இன்று அந்தச் சிஸ்டத்தில் முதலில் கழல்வது வேலிதான். கிளுவையைப் பிடுங்கி சைட் போட்டால், புல்லோடு மேய்ச்சலும் போகும். அப்புறம் காங்கேயம் காளையைக் காப்பாற்றுவோம் என்று டீ-ஷர்ட்டில் அச்சடித்து என்ன பயன்?

அடுத்த முறை அந்த ரோட்டில் போகும்போது போனை வைத்துவிட்டு வேலிக்குள்ளே பாருங்கள். படல் சாத்தியிருந்தால், உள்ளே புல்லுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.