குடங்களையும் உடைத்தார்கள்

குடிப்பழக்கம் உள்ள மகனையோ கணவனையோ பற்றி மார்க்க விளக்கம் கேட்டு வரும் பெண்மணிகள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தியே பேசுகிறார்கள். மஹல்லாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவர்களுக்கு. "ஹராம் என்பது அவனுக்குத் தெரியாதா ஹஜ்ரத்? எத்தனை தடவை சத்தியம் செய்தான்! சாயங்காலம் வந்தால் எல்லாம் மறந்துபோகிறதே" என்பார்கள். இதே கேள்விக்குத்தான் இங்கே விடை காண முயல்கிறோம்.

சட்டத்தில் ஐயம் எதுவுமில்லை. அதிக அளவில் போதை தருவது எதுவோ, அதில் சிறிதளவும் ஹராம் என்பது நபிமொழி. ஆகவே, "கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டேன், அது போதும்" என்று ஒருவர் அமைதி அடைய வழியில்லை. ஆனால், ஊறிப்போன பழக்கத்திலிருந்து ஒரு சமுதாயத்தையே மார்க்கம் எப்படி வெளியே கொண்டுவந்தது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. மதுவை விடுங்கள் என்பதே முதல் கட்டளையாக இறங்கியிருந்தால், ஒருபோதும் விடமாட்டோம் என்றே மக்கள் சொல்லியிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

மதுவில் பயனை விடப் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் முதலில் உணர்த்தியது. பிறகு, போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்காதீர்கள் என்ற கட்டளை அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனமாக வந்தது. இதன் விளைவைச் சற்றுச் சிந்தியுங்கள். லுஹருக்கும் அஸருக்கும் இடையே குடித்தால் அஸருக்குள் தெளியாது. மக்ரிபுக்குப் பின் குடித்தால் இஷா போய்விடும். இஷாவுக்குப் பின்னும் ஃபஜ்ருக்குப் பின்னும்தான் குடிக்க நேரம் கிடைத்தது என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். மது இன்னும் முற்றாகத் தடுக்கப்படவில்லை. ஆனால் குடிக்கும் வேளைகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. உஹதுப் போரின் காலை வரை மது அருந்திய தோழர்கள் இருந்தார்கள். அன்றே ஷஹீதானவர்களும் அவர்களில் உண்டு. அதன் பிறகே, அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மூலம் முழுத் தடை வந்தது.

தடை வந்த நேரத்தில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் தோழர்கள் சிலருக்குப் பேரீச்சங்காய் மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சிறுவராக இருந்த அனஸ் (ரலி). வீதியில் அறிவிப்புக் கேட்டதும், போய்க் கொட்டிவிடு என்றார் அபூதல்ஹா. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. மற்றோர் அறிவிப்பில், அனஸ் அவர்கள் கல்லுரலை எடுத்துக் குடங்களையே உடைத்ததாக வருகிறது. நாளைக்குத் தண்ணீர் வைக்க உதவுமே என்று எவரும் எடுத்து வைக்கவில்லை.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. கிழக்கு அரேபியாவிலிருந்து வந்த அப்துல் கைஸ் கூட்டத்தாருக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் மதுவோடு நான்கு வகைப் பாத்திரங்களையும் தடுத்தார்கள்: சுரைக்குடுக்கை, மெருகிட்ட பச்சை ஜாடி, குடைந்த பேரீச்ச மரத்தடி, கீல் பூசிய பாத்திரம். இவற்றில் ஊறவைத்த பானம் விரைவில் போதையேறும். ஏறியதும் வெளியே தெரியாது. தோல்பையாக இருந்தால் உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். அத்துடன், பழகிய பாத்திரம் பழைய பழக்கத்தை நினைவூட்டும் என்றும் உலமாக்கள் காரணம் கூறியுள்ளார்கள். பின்னர், வேறு பாத்திரம் எங்களிடம் இல்லையே என்று அன்ஸாரிகள் முறையிட்டபோது அந்தத் தடை தளர்த்தப்பட்டது. பாத்திரம் எதையும் ஹலாலாக்குவதுமில்லை, ஹராமாக்குவதுமில்லை. போதை தருவதே ஹராம் என்று விளக்கப்பட்டது. ஆக, அது பழக்கம் அறுபடும் காலத்துக்கான ஏற்பாடு.

நம் வீட்டுப் பிள்ளையின் பாத்திரங்கள் எவை என்று வீட்டார் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வேலை விட்டுத் திரும்பும் பாதை ஒரு பாத்திரம். கடையைத் தாண்டாமல் வர இன்னொரு தெரு இருந்தால், பத்து நிமிடம் கூடினாலும் அதில் வரட்டும். சனிக்கிழமைக் கூலி மற்றொன்று. அதை மனைவியோ தாயோ வாங்கிக்கொள்ள அவரே சம்மதித்து முதலாளியிடம் சொல்லிவிடுவது நல்லது. பறித்தால் சண்டைதான் மிஞ்சும். வெறும் வயிறும் களைப்பும் குடிக்கும் ஆசையைத் தூண்டுபவை. ஆகவே அஸருக்குப் பின் வீட்டுக்கு வந்தவுடன் ஒரு தட்டு உணவும் இனிப்பான தேநீரும் தயாராக இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு வைக்கும் சோற்றை ஆறு மணிக்கு வைப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்? குடிக்கும் நண்பர்களின் கூட்டத்தில், "நான் குளிர்பானம்தான்" என்று உட்காருவதும் வேண்டாம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் தனித்தும் இருக்கக் கூடாது. மாமனோ மச்சானோ மக்ரிபுக்கு அழைத்துப்போய் இஷா வரை உடனிருப்பது பல உபதேசங்களுக்குச் சமம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் முதலியன சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவரை அறையில் பூட்டிவைப்பது வைத்தியம் அன்று. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நாட்களைக் கடத்த மருந்துகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஓதிவிட்டு மருத்துவரிடமும் போக வேண்டும். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்லி விற்கப்படும் தூள்களை மட்டும் வாங்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகள், அதை உண்டவர் அறியாமல் குடித்துவிட்டால் உயிரையே பறிக்கக்கூடியவை.

இனி, நாவு. நபிகள் நாயகத்தைச் சிரிக்கவைக்கும் தோழர் ஒருவர் இருந்தார்; அப்துல்லாஹ் என்று பெயர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் மீண்டும் கொண்டுவரப்பட்டார். எத்தனை தடவைதான் கொண்டுவரப்படுகிறான் என்று ஒருவர் சபித்தபோது, அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று பெருமானார் தடுத்தார்கள். தண்டனை தள்ளுபடியாகவில்லை, சாபமும் அனுமதிக்கப்படவில்லை. நம் மஹல்லாக்களிலோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பெரிய இடத்துப் பிள்ளையானால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏழையானால் சாபத்துக்கு அளவே இல்லை.

குடித்தவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாதே, பிறகு ஏன் பள்ளிக்கு வருகிறாய் என்று கேட்போரும் இருக்கிறார்கள். இந்த ஒரு சொல்லால் தொழுகையையே விட்டவர்கள் உண்டு. ஹதீஸ் உள்ளதுதான். ஆனால், நன்மை கிடைக்காமல் போகும், கடமை நிறைவேறிவிடும், எனவே தொழுதே ஆக வேண்டும் என்பதே இமாம்கள் தந்த விளக்கம். தவ்பா செய்தால் அல்லாஹ் ஏற்றுக்கொள்கிறான் என்று அதே ஹதீஸில் தொடர்ந்து வருவதை இவர்கள் சொல்வதில்லை.

குடியில் விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்வது ஷாஃபியீ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் கடமை. ஆண்டுக் கணக்கில் இருக்கிறதே என்று மலைப்பவர், மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளியிலேயே தங்கி, ஒரு நாளின் ஐந்து வக்துகளை அங்கேயே களாத் தொழத் தொடங்கலாம். கடை அழைக்கும் நேரமும் அதுதான்.