ஜீட்டரை மிஞ்சியவர்கள் யார்?

கேள்வி: நியூ ஜெர்சிக்கு வந்த பிறகுதான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். டெரெக் ஜீட்டரை மிஞ்சிய ஷார்ட்ஸ்டாப் பிறக்கவே இல்லை என்று அலுவலகத்தில் யாங்கீஸ் ரசிகர்கள் சத்தியம் செய்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பாஸ்டன்காரரோ, "முதல் ஐந்துக்குள்ளேயே வரமாட்டார்" என்கிறார். யார் பக்கம் நியாயம்?

பதில்: யாங்கீஸைப் பற்றி பாஸ்டன்காரர் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் கொஞ்சம் கழித்தால் போதும்.

ஜீட்டரின் சாதனை சின்னதல்ல. 1995 முதல் 2014 வரை ஒரே அணி, 3,465 ஹிட், சராசரி .310, ஐந்து உலகத் தொடர் வெற்றிகள். 2020-இல் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 397 பேரில் 396 பேர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் மட்டையால் வந்த பெருமை. ஷார்ட்ஸ்டாப்பின் முதல் வேலை பந்தைத் தடுப்பது. இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்று, தரையோடு சீறி வரும் பந்தை அள்ளி முதல் பேஸுக்கு எறிய வேண்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கைக்கு வந்த பந்து நழுவினால் எரர் என்று ஏட்டில் ஏறும். எட்டாமலே பந்து போய்விட்டால் அது அடித்தவருக்கு ஹிட், தடுப்பவர் பெயரில் ஒன்றும் ஏறாது. ஜீட்டரின் குறை இந்த இரண்டாவது ரகம். இடப்பக்கம், இரண்டாம் பேஸை ஒட்டிப் போகும் பந்துகள் அவருக்கு அடிக்கடி எட்டவில்லை. வலப்பக்கம் ஓடி, பந்தை எடுத்து, அந்தரத்தில் எழும்பித் திரும்பி எறிவாரே, அது கண்கொள்ளாக் காட்சி! மேனேஜர்களும் பயிற்சியாளர்களும் தடுப்புக்கான கோல்ட் க்ளவ் விருதை ஐந்து முறை கொடுத்ததற்கு அந்த அழகும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. எட்டாத பந்துகளையும் எண்ணும் புதிய கணக்குகளோ, சராசரி ஷார்ட்ஸ்டாப்பைவிட அவர் நூறு ரன்னுக்கு மேல் கூடுதலாக விட்டுக்கொடுத்தார் என்கின்றன.

உடனே யாங்கீஸ் ரசிகர்கள் 2001 பிளே ஆஃப் ஆட்டத்தை எடுத்துப் போடுவார்கள். ஓக்லண்டுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. மூன்றாவதில் 1-0 முன்னிலை, ஏழாவது இன்னிங்ஸ். வலது மூலையிலிருந்து ஷேன் ஸ்பென்சர் எறிந்த பந்து, இடையில் நின்ற இருவர் தலைக்கும் மேலே போய்விட்டது. எங்கிருந்தோ குறுக்கே ஓடிவந்த ஜீட்டர் அதைப் பிடித்து, ஓடுகிற ஓட்டத்திலேயே பக்கவாட்டில் தட்டிவிட, சறுக்காமல் ஓடிவந்த ஓக்லண்டின் ஜெரமி ஜியாம்பியைக் கேட்சர் ஹோர்ஹே பொசாடா அவுட்டாக்கினார். அந்தச் சமயோசிதம் லேசில் வராது. ஆனால் அது ஒரு பந்து. நாம் பேசுவது இருபது வருஷக் கணக்கு.

சரி, மிஞ்சியவர்கள் யார்? ஹோனஸ் வாக்னர், சந்தேகமே வேண்டாம். எட்டு முறை பேட்டிங் பட்டம், 1936-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்ற முதல் ஐவரில் ஒருவர். ஆனால் அவர் காலத்தில் கறுப்பினத்தவரை மேஜர் லீகில் சேர்க்கவே மாட்டார்கள். 'கறுப்பு வாக்னர்' என்று பெயர் வாங்கிய ஜான் ஹென்றி லாயிட் அங்கே ஆடியிருந்தால் இந்தப் பட்டியலே வேறாக இருந்திருக்கும். அடுத்து கால் ரிப்கன். தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் என்பதைத்தான் ஊரே பேசுகிறது. 1990 சீசன் முழுவதும் மூன்றே எரர் என்பது எனக்கு அதைவிடப் பெரிது. மட்டையிலும் 431 ஹோம் ரன்.

அலெக்ஸ் ராட்ரிகஸ் ஊக்கமருந்து எடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டவர். அந்தக் கறை போகாது. ஆனாலும் 2002, 2003 இரண்டிலும் ஷார்ட்ஸ்டாப்பாகக் கோல்ட் க்ளவ் வாங்கிவிட்டு 2004-இல் யாங்கீஸுக்கு வந்தபோது, மூன்றாம் பேஸுக்குப் போனவர் அவர்தான், ஜீட்டர் அல்ல. அணியிலேயே சிறந்த ஷார்ட்ஸ்டாப் யார் என்ற கேள்வியை யாங்கீஸ் அன்று கேட்டுக்கொள்ளவே இல்லை.

உண்மையான சண்டை ஓஸி ஸ்மித் விஷயத்தில்தான். சராசரி .262, மொத்தமே 28 ஹோம் ரன். மட்டையில் ஜீட்டர் பக்கத்தில்கூட வரமாட்டார். ஆனால் வரிசையாக 13 கோல்ட் க்ளவ், 580 பேஸ் திருட்டு. தடுப்பில் இவருக்கு இணை வேறொருவர் இல்லை. மயிரிழையில் ஓஸிக்கு நான்காம் இடம், ஜீட்டருக்கு ஐந்தாம் இடம் கொடுப்பேன். யாராவது அதைத் திருப்பிப் போட்டால் மல்லுக்கு நிற்கமாட்டேன்.