ஓய்வுக்குப் பின்னும் ஓர் ஆட்டம்

கேள்வி: ஓய்வு அறிவித்த கால்பந்து வீரர் மறுபடி களமிறங்கிச் சாதித்ததுண்டா?

பதில்: உண்டு. மான்செஸ்டர் யுனைடெட்டின் பால் ஸ்கோல்ஸ். ஆஸ்துமாக்காரர், மின்னல் வேகமெல்லாம் கிடையாது. ஆனால் ஐம்பது கஜம் தள்ளி நிற்பவர் காலடியில் பந்தைக் கொண்டுபோய் வைப்பார். 2011-ல் விடைபெற்றார். 2012 ஜனவரியில், 37 வயதில், எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராகத் திடீரென்று உள்ளே வந்தார். பழைய 18-ஆம் எண் கைமாறியிருந்தது, முதுகில் 22. கடைக்குப் போய் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாராம், பள்ளிப் பையன் மாதிரி! அடுத்த சீஸனில் 11-ஆவது லீக் பட்டமும் கிடைத்தது. இங்கிலாந்து அணியை மட்டும் 2004-லேயே, 29 வயதில் உதறிவிட்டார். அங்கே அவரை இடப்பக்கம் ஒதுக்கி ஆடவைத்தது அசட்டுத்தனம் என்பேன். கிளப் ஆட்டங்கள் 718, கோல்கள் 155. எல்லாம் ஒரே கிளப்புக்கு.