ஏறும் படியை முதலில் பார்!

போன வாரம் டூட்டிங் கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன தங்கச்சி ஒருத்தி பக்கத்தில் நின்று கேட்டாள்: "அக்கா, ஷவர்ல நனைஞ்சு நனைஞ்சு வெறுத்துப்போச்சு. ஆத்துல முங்கிக் குளிக்கிற மாதிரி இந்த லண்டன்ல எங்கயாச்சும் இடம் இருக்கா?"

இருக்கிறது. அவள் நின்ற இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் தாமிரபரணியில் குளித்த தைரியத்தை மட்டும் நம்பி இங்கே தண்ணீரில் இறங்கக் கூடாது. நான் அப்படி இறங்கி முழித்தவள்.

வந்த புதிதில், ஓர் அக்டோபர் மாதம், தோழியோடு கென்ட் பக்கம் ஓர் ஏரிக்குப் போனேன். கரையெல்லாம் மரம், தண்ணீர் கண்ணாடி மாதிரி. யோசிக்காமல் குதித்துவிட்டேன். இரண்டே நிமிடத்தில் போதும் என்று திரும்பினால், கரை முழுக்க வழுக்குகிற களிமண் சரிவு. கால் வைத்தால் சறுக்குகிறது. விரல் மரத்துப்போனதால் புல்லைப் பிடித்தாலும் பிடி நிற்கவில்லை. தோழி துண்டை வீசி, அதைப் பிடித்து ஏறினேன். சின்ன வயதில் அம்பாசமுத்திரம் படித்துறையில் ஆச்சி சொல்வாள்: "எறங்குததுக்கு முன்னால, எங்கன ஏறணும்னு பாத்துக்கோ ஏட்டி." ஐயாயிரம் மைல் தள்ளி வந்துதான் அது எனக்கு உறைத்தது. குளிர்நீரில் நீந்த நல்ல இடம் எது என்று யார் கேட்டாலும், நான் முதலில் சொல்வது அதைத்தான்.

1. முதல் குளியல், லைஃப்கார்டு இருக்கும் இடத்தில்

ஏரியும் ஆறும் அப்புறம் பார்க்கலாம். 'லிடோ' என்று சொல்லும் திறந்தவெளிக் குளத்தில் தொடங்கு. டூட்டிங் பெக் லிடோ 1906-ல் திறந்தது. ஏறக்குறைய 91 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், வெந்நீர் கலப்பதில்லை. கரையோரம் வரிசையாகக் கலர் கலராகக் கதவு போட்ட உடை மாற்றும் அறைகள். ஆழம் குறைந்த பக்கம் உண்டு, பிடித்து ஏற வழி உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

வடக்கு லண்டனில் இருப்பவர்களுக்கு 1938-ல் திறந்த பார்லிமென்ட் ஹில் லிடோ. அதற்குப் பக்கத்திலேயே ஹாம்ஸ்டெட் ஹீத் குளங்கள். அவற்றில் 1925-ல் திறந்த கென்வுட் குளம் பெண்களுக்கு மட்டும். ஆண்கள் கண்ணில் படாமல் குளிக்க வேண்டும் என்று நினைக்கிற நம் ஆட்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் ஒன்று: அங்கே கால் ஊன்ற ஆழம் குறைந்த பக்கம் கிடையாது. தண்ணீர் கருத்திருக்கும், அடி தெரியாது. நாய் நீச்சல் மட்டும் தெரிந்தவள் முதலில் உள்ளூர் நீச்சல் குளத்தில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போகட்டும்.

நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும். பனிக்காலத்தில் சில இடங்களில் கிளப் உறுப்பினராக இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்.

2. அந்தத் தண்ணீரில் தினமும் இறங்குகிறவரைக் கேள்

ஊரில் புது ஆற்றில் குளிக்கப் போனால் என்ன செய்வோம்? துணி துவைக்கிற அக்காவிடம் "எங்கே கசம் இருக்கு?" என்று கேட்போம். இங்கேயும் அதே வழிதான். ஹைட் பார்க் ஸெர்பன்டைன் ஏரியில் ஒரு நீச்சல் கிளப் 1864-லிருந்து இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலையில் அவர்கள் நடத்தும் போட்டிக்கு, பீட்டர் பேன் கதை எழுதிய ஜே. எம். பேரி 1904-ல் கோப்பை கொடுத்தார். அப்படிப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள். பெண்கள் நிறையச் சேரும் 'புளூடிட்ஸ்' குழுக்கள் பல ஊர்களில் உண்டு. வெள்ளைக்காரப் பாட்டிகள் கூட்டமாக நிற்கிறார்களே என்று தயங்காதே. "எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் ஏறுவீங்க?" என்று கேட்டுப் பார், கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள்.

3. ஆற்றில் ஒரு குச்சியைப் போட்டுப் பார்

குச்சி உன் நடையைவிட வேகமாகப் போனால் அந்த இடம் வேண்டாம். வேகம் குறைவாக இருந்தாலும் ஏறுவதற்கு ஒன்றுக்கு இரண்டு இடம் பார்த்து வை. இரண்டாவது இடம், நீரோட்டம் போகிற திசையில் கீழே இருக்க வேண்டும். அதற்கும் கீழே தடுப்பணையோ படகு மதகோ இருந்தால் அங்கே இறங்காதே.

தேம்ஸ் நதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெடிங்டன் மதகுக்குக் கீழே அது கடலோடு சேர்ந்து ஏறி வற்றும். பட்னி பாலம் முதல் கிராஸ்னெஸ் வரை அனுமதி வாங்காமல் நீந்துவது சட்டப்படியே தடை. படகுப் போக்குவரத்தும் சுழலும் அப்படி. நீர்த்தேக்கமும் பழைய கல்குவாரியும் வேண்டவே வேண்டாம். மேலே வெயில் அடித்தாலும் உள்ளே குளிர் அப்படியே இருக்கும், கரையும் செங்குத்து. என் கென்ட் கதைதான் நடக்கும்.

4. பெருமழை பெய்தால் இரண்டு நாள் பொறு

இந்த நாட்டின் பல ஊர்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகின்றன. மழை அதிகமானால் அது ஆற்றிலும் கடலிலும் திறந்துகொள்ளும். அதனால் கனமழைக்குப் பிறகு 48 மணி நேரமாவது இறங்காதே. எங்கே சாக்கடை திறந்திருக்கிறது என்பதை 'சர்ஃபர்ஸ் அகெயின்ஸ்ட் சூவேஜ்' அமைப்பின் செயலி காட்டும்.

இங்கிலாந்தில் அரசு அறிவித்த குளிக்கும் இடங்களில் வழக்கமாக மே 15 முதல் செப்டம்பர் 30 வரை தண்ணீரைச் சோதித்து, மிக நன்று, நன்று, போதும், மோசம் என்று நாலு தரம் போடுகிறார்கள். 'அறிவித்த இடம்' என்றாலே சுத்தம் என்று நினைத்துவிடாதே. யார்க்‌ஷயரில் இல்க்லி ஊர் வார்ஃப் ஆறுதான் 2020-ல் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் ஆற்றுப் பகுதி. அடுத்தடுத்து அதற்குக் கிடைத்த தரம் 'மோசம்'.

கோடையில் ஏரி மேல் பச்சைப் பெயின்ட் கொட்டிய மாதிரி பாசி மிதந்தால் கால்கூட நனைக்காதே. கையில் காயம் இருந்தால் பிளாஸ்திரி ஒட்டிக்கொள். எலிக்காய்ச்சல் இங்கேயும் உண்டு.

5. கடலில் கொடியைப் பார், அலையைப் பார்

சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில்தான் நீந்த வேண்டும். முழுச் சிவப்புக் கொடி என்றால் திரும்பி வா. பிரைட்டன் கரை கூழாங்கல் சரிவு. அலை பெரிதாக அடிக்கிற நாளில் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாடு. மார்கேட்டில் வால்போல் பே என்ற இடத்தில் 1937-ல் கடலுக்குள்ளேயே சுவர் எழுப்பிக் கட்டிய நாலு ஏக்கர் குளம் இருக்கிறது. கடல் ஏறும்போது நிரம்பும், வற்றும்போது தண்ணீர் உள்ளே தங்கும். கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் பார்த்துப் போ.

6. மே மாதத்தில் அல்ல, செப்டம்பரில் தொடங்கு

மே மாத வெயிலைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தெற்குக் கடலில் மே மாதம் ஏறக்குறைய 11, 12 டிகிரிதான். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் 17, 18 வரை வரும். அப்போது தொடங்கி வாரம் தவறாமல் போனால், குளிர் இறங்க இறங்க உடம்பும் பழகிக்கொள்ளும்.

7. முதல் இரண்டு நிமிடம் மூச்சைக் கவனி

15 டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் திடீரென்று இறங்கினால் தானாகவே மூச்சை 'ஹக்' என்று இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது கதை. அதனால் குதிக்காதே. படியில் இறங்கி, கழுத்திலும் முகத்திலும் தண்ணீர் தெளித்து, மூச்சை நீளமாக வெளியே விடு. திணறினால் மல்லாந்து காது நனைய மிதந்து கிட. ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. யாரானாலும் தனியாக வேண்டாம்.

8. நடுக்கம் வருமுன் ஏறு

கரையேறிய பிறகும் பத்து இருபது நிமிடம் உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் நன்றாக இருந்தவள் கரையில் நின்று பல் தந்தியடிப்பது அதனால்தான். உடனே வெந்நீர் ஷவரில் நிற்காதே, தலை சுற்றும். ஈரத்தைக் களைந்து, துடைத்து, முதலில் மேலுடம்புக்கு உடுத்து. பட்டன் வைத்த சட்டை வேண்டாம், மரத்த விரலுக்குப் பட்டன் வசப்படாது. நூறு பவுனுக்கு மேல் விற்கும் பெரிய அங்கிதான் வேண்டும் என்று இல்லை. ஆற்றங்கரையில் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி உடை மாற்றத் தெரிந்த நமக்கு ஒரு தொளதொள நைட்டி போதும். கம்பளித் தொப்பி, தடித்த காலுறை, பிளாஸ்கில் சுக்குக் காப்பி. தண்ணீருக்குள் நியோப்ரீன் கையுறை, காலுறை, பளிச்சென்ற தொப்பி, இடுப்பில் கட்டும் ஆரஞ்சு மிதவைப் பை. அந்தப் பை உன்னைப் பிறர் கண்ணில் காட்டத்தான். காப்பாற்றும் என்று நம்பாதே.

இவ்வளவும் படித்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே நீ கிளம்புவாய் என்று தெரியும். போய் வா. ஆனால் முதல் தடவை துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. அரை மணி நேரம் கரையில் நின்று, யார் எங்கே இறங்குகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வா. துண்டை அடுத்த ஞாயிறு எடுத்துக்கொள்ளலாம்.